ரொறன்ரோவுக்கு ஒரு ராகு காலம்

எனக்கு ராகுவில் நம்பிக்கை இல்லை, கணக்கில் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால், என் தங்கையின் கலியாணத்தை நானே குழப்பப் பார்த்த கதையைப் படிக்கிறவர்கள் என்னைச் சாத்திரப் பைத்தியம் என்று நினைத்துவிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பித்தவள் நான். தொண்ணூறுகளின் நடுவில் ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் மின்சுற்றுப் பலகைகளில் நெல்மணி அளவு உதிரிகளைப் பொருத்திக்கொண்டிருந்தேன். அந்த வேலையில் எனக்கு வெட்கமும் இருக்கவில்லை, பெருமையும் இருக்கவில்லை. வாடகை கட்ட அது போதுமாயிருந்தது. எனக்குக் கலியாணம் ஆகவில்லை. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதுமில்லை.

தங்கை ஏப்ரல் கடைசியில் வந்து இறங்கினாள். இரண்டு வருடம் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் பொலிஸ் பதிவும் கையுமாகக் காத்திருந்தவள். நிச்சயிக்கப்பட்ட பெண் என்ற விசாவில் மாப்பிள்ளை அவளைக் கூப்பிட்டிருந்தார். அந்த விசாவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. வந்த நாளிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் கலியாணத்தைப் பதிய வேண்டும். பதியாவிட்டால் திரும்பிப் போக வேண்டும். எங்களுக்குத் திரும்பிப் போக வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. அந்த லொட்ஜ் அறைதான் இருந்தது.

பதிவை மட்டும் முதலில் முடித்துவிடலாமே என்று நான் கேட்டுப் பார்த்தேன். மாப்பிள்ளையின் தாயார் மறுத்துவிட்டார். அவருடைய குடும்பத்தில் பதிவெழுத்தும் தாலியும் ஒரே நாளில், ஒரே முகூர்த்தத்தில்தான். வைகாசி மாதத்து நாள்களுக்கு மண்டபம் கிடைக்கவில்லை; கோடை வந்தால் இந்த நகரத்துத் தமிழர் எல்லாரும் ஒரே நேரத்தில் கலியாணம் செய்வார்கள். ஆனி மாதத்தில் ஒரேயொரு சனிக்கிழமை அகப்பட்டது. அதை விட்டால் ஆடி பிறந்துவிடும், ஆடியில் யாரும் தாலி கட்டமாட்டார்கள். ஆவணிக்கு முன் தொண்ணூறு நாளும் முடிந்துவிடும். ஆகவே அந்தச் சனிக்கிழமைதான் தங்கைக்கு இருந்த ஒரே நாள்.

ஐயர் நேரம் பார்த்துத் தந்தார். நல்ல இலக்கினம் காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையில். ஒன்பதுக்கு முன் கூடாது. பதினொன்றுக்கு அவர் வெளிக்கிட வேண்டும், பிராம்டனில் இன்னொரு கலியாணம். சனிக்கிழமை ராகு காலம் ஒன்பது தொடக்கம் பத்தரை என்பது எங்களுடைய ஆட்களில் வாய் பேசத் தெரிந்த எவருக்கும் தெரியும். திங்கள் ஏழரை, செவ்வாய் மூன்று, வெள்ளி பத்தரை என்று வாய்ப்பாடு மாதிரி மனனம் செய்து வைத்திருக்கிறோம். ஆகவே பத்தரை கழித்து, பத்து நாற்பதுக்குத் தாலி என்று நானும் ஐயரும் மாப்பிள்ளையின் தாயாரும் சேர்ந்து முடிவு செய்தோம். ஐயர் இலக்கினத்தை ரொறன்ரோவுக்குக் கணித்துத்தான் பார்த்தார். ராகு காலத்தை மட்டும் அப்படியே யாழ்ப்பாணத்திலிருந்து எடுத்தார். கணிதம் படித்த நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தவள் துனிஸ் நகரத்துப் பெண், என் வயதுதான். மொன்றியலில் குளிர் கூட என்று இங்கே வந்தாளாம். இங்கே மட்டும் என்ன வெயிலா கொளுத்துகிறது என்று கேட்டேன்; அன்றிலிருந்து சிநேகிதம். இரண்டு பேரும் உடைந்த ஆங்கிலத்தில்தான் கதைப்போம். அவள் மத்தியான இடைவேளையில் சாப்பிடுவதற்கு முன் சாமான் அறையின் மூலையில் ஒரு சால்வையை விரித்துத் தொழுவாள். அவளுடைய அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் பள்ளிவாசலில் கொடுத்த ஒரு தொழுகை நேரத் தாள் ஒட்டியிருந்தது. ஒரு வருடத்தின் எல்லா நாள்களும், ஒவ்வொரு நாளுக்கும் ஆறு நேரங்களும்.

எண் அட்டவணையைக் கண்டால் எனக்குக் கை துறுதுறுக்கும். அவள் தொழுதுகொண்டிருந்த ஒரு நாள் நான் அதற்கு முன்னால் நின்று பார்த்தேன். நேரங்கள் நாளுக்கு நாள் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று நகர்ந்துகொண்டிருந்தன. ஒரு நிரலில் சூரிய உதயம், இன்னொன்றில் அஸ்தமனம். பத்திரிகையிலும் உதயம் அஸ்தமனம் போடுவார்கள். ஆனால் அது அன்றைய நாளுக்கு மட்டும். இந்தத் தாளில் முழு வருடமும் முன்கூட்டியே இருந்தது. சும்மா ஒரு விளையாட்டுக்குத் தங்கையின் கலியாண நாளைத் தேடினேன். உதயம் காலை ஐந்து முப்பத்தாறு, அஸ்தமனம் இரவு ஒன்பது இரண்டு.

உடனே பேனையைத் தேடினேன்.

ராகு காலம் என்பது பகல் நேரத்தில் எட்டில் ஒரு பங்கு. சூரியன் உதிக்கிற நேரத்திலிருந்து மறைகிற நேரம் வரை எட்டாகப் பிரித்தால் சனிக்கிழமைக்கு மூன்றாவது பங்கு. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுவதும் சூரியன் ஏறக்குறைய ஆறுக்கு வந்து ஆறுக்குப் போகிறது. ஆகவே பங்கு ஒன்றரை மணித்தியாலம், மூன்றாவது பங்கு ஒன்பது தொடக்கம் பத்தரை. ரொறன்ரோவில் ஆனி மாதத்துப் பகல் பதினைந்தரை மணித்தியாலம். எட்டில் ஒன்று, கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம். கடதாசித் துண்டு ஒன்றில் பிரித்துப் பார்த்தேன். அந்தச் சனிக்கிழமை ராகு காலம் ஒன்பது இருபத்தேழுக்குத் தொடங்கிப் பதினொன்று இருபத்துமூன்றுக்கு முடிந்தது. நாங்கள் குறித்த பத்து நாற்பது அதன் நட்டநடுவில் கிடந்தது.

கோபம் வந்தால் நான் முதலில் மற்றவர்களில்தான் பிழை பிடிப்பேன். ஆகவே தாள் பிழை என்று முடிவு செய்தேன். வீட்டுக்குப் போய் மறந்துபோன கோளத் திரிகோண கணிதத்தைத் தூசி தட்டி எடுத்து, இந்த நகரத்தின் அகலக்கோடு, சூரியனின் சாய்வு எல்லாம் போட்டு நானே பகலின் நீளத்தைக் கணித்தேன். பதினைந்து மணித்தியாலம் பதினைந்து நிமிடம் வந்தது. தாளில் பதினைந்து மணித்தியாலம் இருபத்தாறு நிமிடம். பதினொரு நிமிடம் பிழை! அடுத்த நாள் மத்தியானம் சோற்றுப் பெட்டியைத் திறக்க முன்னமே என் கணக்கை அவளுக்கு முன்னால் வைத்தேன்.

"உங்கள் ஆட்கள் பதினொரு நிமிடம் பிழை விட்டிருக்கிறார்கள்" என்றேன்.

அவள் கணக்கை மேலிருந்து கீழே பார்த்தாள். கணிதம் தெரியாதவள் பார்க்கிற பார்வை இல்லை அது. "நீ காற்றை மறந்துவிட்டாய்" என்றாள்.

அவளுடைய தகப்பனார் துனிஸில் ஒரு பெரிய பள்ளிவாசலில் நேரம் கணிக்கிறவராக இருந்தவர். அது அங்கே ஒரு உத்தியோகம், பல நூற்றாண்டாக இருந்து வருகிற உத்தியோகம். சூரியன் அடிவானத்துக்குக் கீழே இருக்கும்போதே அதன் ஒளியைக் காற்று வளைத்து எங்களுடைய கண்ணுக்குக் கொண்டுவந்துவிடும் என்றும், சூரியனின் நடுப்புள்ளியை இல்லை, மேல் விளிம்பைத்தான் உதயம் என்று எடுக்க வேண்டும் என்றும் அவள் பாண் துண்டைக் கடித்துக்கொண்டே சொன்னாள். கெய்ரோவில் இருந்து ஒளியை ஆராய்ந்த ஒரு பெரியவர் ஆயிரம் வருடத்துக்கு முன்னமே ஒளி வளைவதைப் பற்றி எழுதியிருக்கிறாராம். கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுப் பொருள்களைத் தொடுகிறது என்று கிரேக்கர் பலர் சொல்லிக்கொண்டிருந்ததை, இல்லை, ஒளிதான் கண்ணுக்குள் வருகிறது என்று சோதனை செய்து காட்டியவரும் அவர்தானாம்.

"இது எனக்கு அப்பா சொன்னது. அவருக்கு மிச்சக் கதையெல்லாம் மனப்பாடம்" என்றாள்.

பதினொரு வருடம் கணிதம் படிப்பித்த நான் என் கணக்குக்குக் குறுக்கே நானே கோடு கீறினேன். அப்படி நடப்பது அபூர்வம்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் நகர நடுவிலிருக்கும் பெரிய நூலகத்துக்குப் போனேன். கலியாண வேலை தலைக்கு மேல் கிடந்தது. தங்கை என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. ஆனால் அந்தத் தாளை எப்படிச் செய்தார்கள் என்று தெரியாமல் என்னால் நித்திரை கொள்ள முடியவில்லை. கெய்ரோ நகரத்துக்கென்றே அந்தக் காலத்து முஸ்லிம் அறிஞர்கள் பக்கம் பக்கமாக நேர அட்டவணை போட்டிருக்கிறார்கள். சூரியன் இன்ன உயரத்தில் நின்றால் இன்ன நேரம் என்று. ஊர் மாறினால் அட்டவணையும் மாற வேண்டும் என்பதை அவர்கள் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்கும் விளங்கும்படி செய்திருக்கிறார்கள். டமாஸ்கஸுக்கு ஒன்று, துனிஸுக்கு ஒன்று. நாங்கள் ஒன்பதாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து ஒரே வாய்ப்பாட்டைத் தூக்கிக்கொண்டு வந்து பனிக்குள் இறங்கி நின்றோம்.

இன்னொரு படத்தையும் அங்கே பார்த்தேன். சிசிலித் தீவில், பலேர்மோ நகரத்தில், ஒரு கிறிஸ்தவ அரசனுக்காக ஒரு முஸ்லிம் அறிஞர் வரைந்த உலகப் படம். தெற்கு மேலே, வடக்கு கீழே. முதலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த கிழவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு நேராகப் பிடித்து மெதுவாகத் தேடினேன். இலங்கை இருந்தது. சின்னப் பொட்டாக இல்லை, நல்ல பெரிதாக, ஒரு நாட்டுக்குரிய மரியாதையோடு. மத்தியதரைக் கடலின் நடுவில் இருந்துகொண்டு ஒருவர் எங்களுடைய தீவை விசாரித்து அறிந்து வரைந்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய சந்தோஷமாயிருந்தது.

கோபமும் வந்தது, அதை ஒளிக்க மாட்டேன். நான் படித்த பாடப்புத்தகத்தில் கிரேக்கர் வருவார்கள். அடுத்த பக்கத்தில் இங்கிலாந்துக்காரர் வருவார்கள். நடுவில் ஆயிரம் வருடமாகச் சனங்கள் நித்திரை கொண்டார்கள் என்றுதான் நானும் நம்பியிருந்தேன், அப்படியே படிப்பித்தும் இருந்தேன். ஸ்பெயினின் தொலேதோ நகரத்தில் மேசை போட்டு இருந்து அரபு நூல்களை லத்தீனுக்கு மொழிபெயர்த்தவர்களைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை. எங்களுடைய எண்களைப் பற்றிக்கூட இல்லை. அரபுக்காரர் அந்த எண்களை வாங்கிக்கொண்டபோது இவை இந்தியருடையவை என்று எழுதிவைத்தார்கள். அவர்களிடமிருந்து வாங்கிய ஐரோப்பியர் அவற்றை அரபு எண் என்றார்கள். யாரிடம் வாங்கினோம் என்று சொல்வதில் அவ்வளவு நாணயம் இருந்த ஆட்களை எங்களுடைய பாடப்புத்தகம் முழுதாக விழுங்கிவிட்டது. நூலகத்திலிருந்து வெளியே வந்து சப்வேயில் கிழக்கே வரும்வரைக்கும் மனதுக்குள் அந்தப் புத்தகக்காரரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

திங்கட்கிழமை இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். அவளுக்குக் குஷி. தன்னுடைய குடும்பம் ஆதியில் துனிஸ் இல்லை, ஸ்பெயினில் கோர்தோபாப் பக்கம் என்றாள். நூற்றாண்டுக் கணக்காக அங்கே இருந்த முஸ்லிம்களை ஒரு நாள் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்களாம். "பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்தார்கள் என்று அப்பா அடிக்கடி கேட்பார். அதை மட்டும் யாரும் எழுதிவைக்கவில்லை" என்றாள். நான் சோற்றுப் பெட்டியை மூடிக்கொண்டு எழும்பிப் போனேன். வேலைக்கு மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அவளுக்குச் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் என்னிடம் இருந்தது, வாய் வரவில்லை.

இனி என்ன செய்வது? இந்த நகரத்தில் இது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் பேசாமல் இருந்தால் பத்து நாற்பதுக்குத் தாலி ஏறும், எழுத்து முடியும், தங்கையின் விசாப் பிரச்சினை தீரும். எனக்கோ ராகுவில் நம்பிக்கை இல்லை. மாப்பிள்ளையின் தாயாருக்கு இருந்தது. அவர் நம்பித்தான் அந்த நேரத்துக்குச் சம்மதித்தார். கணக்குத் தெரிந்த சம்பந்தி வீடு என்று என்னைப் பற்றி நாலு பேரிடம் சொல்லியும் இருந்தார். பிழை என்று தெரிந்துகொண்டே ஒரு விடைக்குப் புள்ளி போடுவது என்னால் ஏலாத காரியம்.

தங்கையிடம் சொன்னேன். அவள் புடவைகளுக்கு நடுவில் இருந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, மாமி ஆவணிக்குத் தள்ளிவைப்பம் எண்டு சொன்னா நான் எங்கை போறது?"

"ஒன்பதுக்கும் ஒன்பது இருபத்தேழுக்கும் இடையிலை கட்டலாம். இலக்கினமும் சரி, ராகுவும் இல்லை."

"ஒன்பது எண்டால் ராகு காலம் எண்டு ஊருக்கே தெரியும். சபை முழுக்க வாயிலை விரலை வைக்கும். நீங்கள் பேசாமல் இருந்தால் என்ன அக்கா? உங்களுக்கு உதிலை நம்பிக்கையும் இல்லை."

"எனக்கு இல்லை. அவவுக்கு இருக்கு. அவவை ஏமாத்திப்போட்டு நீ அவவோடை ஒரு வீட்டிலை எப்பிடி இருப்பாய்?"

அவள் அழுதாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் நான் பிடித்த பிடியை விடுகிறவள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஐயருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் சிரித்தார். "விதி எட்டிலை ஒண்டுதான் அம்மா. நீங்கள் சொல்லுறது முழுச்சரி. நானும் இவ்வளவு நாளும் யோசிக்கேல்லை. ஒன்பதேகாலுக்குக் கட்ட எனக்குச் சம்மதம். மாப்பிள்ளையின்ரை தாயாரைச் சம்மதிக்கப் பண்ணுறது உங்கடை பொறுப்பு."

மாப்பிள்ளையின் தாயார் மூத்த மகனோடு ரூஜ் பக்கத்தில் ஒரு புது வீட்டில் இருந்தார். கணவர் இல்லை. அதிகம் கதைக்காத மனுசி. தேத்தண்ணி தந்துவிட்டு எனக்கு எதிரே இருந்து நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். நான் கடதாசியில் பகலை எட்டாகக் கீறி, யாழ்ப்பாணத்துச் சூரியனையும் ரொறன்ரோச் சூரியனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வகுப்பில் படிப்பித்த மாதிரிப் படிப்பித்தேன். நன்றாகத்தான் படிப்பித்தேன். கடைசியில் அவர் ஒரு கேள்விதான் கேட்டார்.

"உந்தக் கணக்கு ஆற்றை, பிள்ளை? நீர் போட்டதோ?"

ஓம் மாமி, நான் போட்டது என்று சொல்லியிருக்கலாம். அரைவாசி உண்மையும்கூட. யாழ்ப்பாணத்துக் கணித ரீச்சர் போட்ட கணக்கு என்றால் சபையில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சோனகர் என்று ஊரில் சொல்லுகிற முஸ்லிம்களின் பள்ளிவாசல் தாள் என்று சொன்னால் இந்த வீட்டுக் கதவு சாத்தப்படலாம், தங்கை கொழும்புக்குப் போகலாம். ஓம் என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அப்போதுதான் சப்வேயில் நான் திட்டித் தீர்த்த பாடப்புத்தகக்காரர் நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் செய்ததும் இதுதானே? கணக்கை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டார்கள். இன்னும் ஒரு நிமிடத்தில் நானும் அதே வேலையைச் செய்துமுடித்திருப்பேன்.

"நான் போடேல்லை மாமி. நான் போட்டது பதினொரு நிமிசம் பிழைச்சுது. இது பள்ளிவாசல் தாள். என்னோடை வேலை செய்யிற முஸ்லிம் பிள்ளை தந்தது. அந்தப் பிள்ளையின்ரை தேப்பனும் பள்ளிவாசலிலை நேரம் கணிச்சவர். அவையள் ஆயிரம் வரியமாய் இந்தக் கணக்குப் பாக்கினம். நாங்கள் பாக்கேல்லை."

அவர் கடதாசியைப் பார்த்தார், தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார், வெளியே புல் வெட்டுகிற அடுத்த வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"ஒன்பதேகாலுக்குக் கட்டுவம்" என்றார். "அந்தப் பிள்ளைக்கும் கலியாணக் காட் குடும்."

அவ்வளவுதான். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது எனக்குத் தலைகால் தெரியவில்லை. என்னுடைய படிப்பித்தல் திறமைக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன். கீறிக் காட்டிய விதம் அப்படி!

அழைப்பிதழ் போனதிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. சனிக்கிழமை ஒன்பதுக்கு ராகு காலம் எல்லோ, அச்சுப் பிழையோ என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் சூரியனைப் பற்றிப் பாடம் எடுத்தேன். ஐந்தாவது ஆளுக்குப் பிறகு, வந்து பாருங்கோ என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை எட்டேமுக்காலுக்கு மண்டபத்தில் பாதி நாற்காலி காலி. அழைப்பிதழில் ஒன்பது என்றால் பத்தரைக்கு வருவது எங்களுடைய வழக்கம். வீடியோக்காரர் வயரை இழுத்துக்கொண்டிருந்தார். என் சிநேகிதி முன்வரிசையில் பச்சைச் சால்வை போட்டுக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தாள். அவளுக்கு இது தகப்பனாரின் மானப் பிரச்சினை. தங்கை கூறைப் புடவை மாற்றிக்கொண்டு வந்து மணவறையில் இருந்தாள். ஒன்பது பத்துக்கு ஐயர் தாலியைத் தேங்காயோடு தட்டில் வைத்துச் சபைக்குக் கொடுத்தார். பெரியவர்கள் தொட்டு வாழ்த்திய பிறகுதான் தாலி கழுத்தில் ஏறும். முதலில் தொட வேண்டியவர் மாப்பிள்ளையின் தாய்மாமன்.

அவர் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

"ராகு காலத்திலை நான் தாலியைத் தொடமாட்டன். பத்தரை கழியட்டும்" என்றார் உரக்க.

ஐயர் விளக்கம் சொன்னார். நான் விளக்கம் சொன்னேன். என் சத்தம் கொஞ்சம் கூடிப்போனது. அவர் தலையை ஆட்டினார். "எனக்கு எல்லாம் தெரியும். சோனகன்ரை தாளைப் பாத்துத்தானே நேரம் வைச்சனியள்? எங்கடை பிள்ளையளுக்குத் தாலி கட்ட அவங்கடை கணக்கோ?"

ஒன்பது பதினாறு. மணவறையில் தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். இன்னும் பதினொரு நிமிடம் போனால் இந்த நேரமும் போய்விடும், மாப்பிள்ளையின் தாயார் அதற்குப் பிறகு சம்மதிக்க மாட்டார், ஐயர் பதினொன்றுக்குப் போய்விடுவார், ஆடி பிறந்துவிடும். எல்லாம் என்னுடைய பிடிவாதத்தால் வந்தது. என் வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை.

மாப்பிள்ளையின் தாயார் எழும்பி வந்து தட்டைத் தன் கையில் வாங்கினார்.

"அண்ணை" என்றார். சத்தம் போடவில்லை. ஆனால் சபைக்குக் கேட்டது. "ஊரிலை, ஒட்டுமடத்திலை, முப்பது வரியம் நான் விடியக்காலமை அவையின்ரை பாங்கு கேட்டுத்தான் எழும்பினனான். அடுப்பு மூட்டினது அதைக் கேட்டு, பிள்ளையளைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்பினது அதைக் கேட்டு. ஒரு நாளும் அது பிழைச்சதில்லை. தொண்ணூறாம் ஆண்டு அவையை ரெண்டு மணித்தியாலத்துக்குள்ளை ஊரைவிட்டு வெளிக்கிடச் சொல்லேக்கை நான் யன்னலைச் சாத்திப்போட்டு உள்ளுக்கு இருந்தனான். நீங்களும் இருந்தனியள் அண்ணை, எனக்குப் பக்கத்திலைதான் இருந்தனியள். அடுத்த நாள் விடியப் பாங்கு இல்லை. நான் எழும்பேல்லை. அவையின்ரை கணக்கு என்ரை பிள்ளைக்குப் போதும்."

அவர் யாருடைய பதிலுக்கும் நிற்கவில்லை. தட்டை நேராக முன்வரிசைக்குக் கொண்டுபோய், என் சிநேகிதிக்கு முன்னால் நீட்டினார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ரூஜ் வீட்டில் நான் கீறிக் காட்டிய எட்டுப் பங்கு அந்த மனுசியை ஒரு துளியும் அசைக்கவில்லை. நான் வாய் திறந்து ஆளைச் சொன்னதுதான் அசைத்திருக்கிறது.

சிநேகிதி தட்டையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். தொட்டு வாழ்த்து என்றேன். அவள் எழும்பி, தலைச் சால்வையைச் சரிசெய்து, இரண்டு விரலால் தாலியைத் தொட்டு, அவளுடைய மொழியில் ஏதோ மெதுவாகச் சொன்னாள். தட்டு அவளிடமிருந்து தாய்மாமனிடம் போனது. அவர் யாருடைய முகத்தையும் பார்க்காமல் தொட்டார். பிறகு தட்டு வரிசை வரிசையாகப் போய்த் திரும்பி வந்தது. யாரோ கசெற்றைத் தட்டிவிட, நாதஸ்வரமும் மேளமும் கொட்டின. ஒன்பது இருபத்துநாலுக்குத் தாலி ஏறியது. தங்கை அழுதுகொண்டே சிரித்தாள். ஐயர் அறுகும் அரிசியும் தூவிய கையோடு பதிவெழுத்துப் புத்தகத்தையும் எடுத்தார்.

சிநேகிதி என் கையைப் பிடித்தாள். அந்த அம்மா என்ன சொன்னார் என்று கேட்டாள். மேளச் சத்தத்துக்குள் அவளுடைய காதுக்குக் கிட்ட வாயை வைத்து முழுவதையும் சொன்னேன். பாங்கு, யன்னல், இரண்டு மணித்தியாலம் எல்லாம். அவள் கேட்டுக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"யார் அவர்களைப் போகச் சொன்னது?"

ஆயுதம் வைத்திருந்த தமிழ் இயக்கத்துப் பெடியள் என்று சொல்லலாம், அது உண்மைதான். அந்தத் தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில் நானும் யாழ்ப்பாணத்தில்தான் இருந்தேன். அந்தச் சனங்கள் நடந்து போன அந்த வாரமும் நான் வகுப்புக்குப் போய்க் கணிதம் படிப்பித்தேன்.

"நாங்கள்" என்றேன்.